கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குப் பலம் இல்லையாம்!

பென்ஷன்காரர்களுக்கு அறிவுரை சொல்ல இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எப்படி நடக்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று தினமும் காலையில் செல்போனில் யாராவது நமக்கு வகுப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் படித்துவிட்டு அழித்துவிடுவேன். ஆனால் சில மாதங்களாக ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு வாத்தியம் கற்க ஆசைப்படுபவர்கள் முதலில் மூன்று மாதம் ரப்பர் பந்தையும் ஸ்பிரிங் பிடியையும் அழுத்தி விரலுக்குப் பலம் ஏற்ற வேண்டுமாம். பிறகு ஸ்வரப் பயிற்சியாம். அதிலே கை படிந்த பிறகுதான் பாட்டாம். இந்த வரிசையை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு படியுங்கள்.

என் கோபத்துக்குக் காரணம் ஒரு நண்பர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எழுபதை எட்டப் போகிறார். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமுறை தலைமுறையாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது அல்லவா? அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, கடைசியில் நம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் காட்டில் வேலை. பாதி நாள் கவ்வாத்துக் கத்தியோடு, பிறகு மேஸ்திரி. இப்போது குன்னூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

அவர் அப்பா இலங்கையில் ஒரு தொரை பங்களாவில் சமையல்காரர். அங்கே 'அப்பு' என்பார்கள். தொரை ஊருக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு கன்சர்டினா. கப்பலில் வந்த மூன்று பெட்டிகளில் ஒன்றில் போர்வைக்குள் சுற்றி அதையும் கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டில் அதற்குத் 'தொரைப் பெட்டி' என்று பெயர். வாசிக்கத்தான் யாருக்கும் தெரியாது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு மூலை கொண்ட இரண்டு மரப் பலகைகள், நடுவில் தோல் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். ஆர்மோனியத்துக்குத் தம்பி முறை. இரண்டிலும் உள்ளே உலோக நாக்குகள்தான், காற்று பட்டால் அதிர்ந்து பாடும். இங்கிலாந்தில் இதற்கு வழி வகுத்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். மின்சாரப் பாடத்தில் 'வீட்ஸ்டன் பாலம்' என்று படித்தோமே, அதே ஆசாமி. 1829இல் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் ஊலிக் என்பவர் 1834இல் வேறொரு மாதிரி செய்தார். நண்பரிடம் இருப்பது அந்த ஜெர்மன் வழியில் வந்த இருபது பொத்தான் பெட்டி. இதில் ஒரு விசேஷம்: ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியைத் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். வெள்ளைக்காரச் சிப்பாயும் மாலுமியும் மூட்டைக்குள் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றினார்கள். சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் தெருமுனைக் கூட்டங்களில் இதை வைத்துத்தான் பாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். சிறியது, மலிவு, மழைக்குக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்ளலாம். ஊட்டிக்கும் இலங்கை மலைகளுக்கும் தோதான வாத்தியம்தான்.

நண்பருக்கு இதில் வாசிக்க வேண்டும் என்று ஆசை வந்தது மனைவி போன பிறகு. பெரிய ஆசை இல்லை. கச்சேரி செய்யப் போவதில்லை. அவர் அம்மா கொழுந்து பறிக்கப் போகுமுன் லயத்தில் தம்பி தங்கைகளுக்குப் பாடிய ஒரு தாலாட்டு. அதை வாசித்துக் கோத்தகிரிப் பக்கம் படுக்கையில் இருந்த தன் அக்காவுக்குக் கேட்கவைக்க வேண்டும். அவ்வளவுதான் விண்ணப்பம். ஒரு பக்க மனு.

இந்த மனுவை எடுத்துக்கொண்டு ஒரு இசை ஆசிரியரிடம் போனார். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது, நன்றாகப் பாடுகிறவர். ஆனால் மனுவை என்ன செய்தார்? நம் ஆபீஸ்களில் செய்வதைத்தான் செய்தார். மேல் குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார். முதல் குறிப்பு: விரலில் பலம் இல்லை, மோதிர விரல் நடுங்குகிறது, பந்து அழுத்துங்கள். இரண்டாவது: இந்தப் பெட்டி குறையுள்ள வாத்தியம், ஒரு ஆர்மோனியம் வாங்குங்கள். மூன்றாவது: சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் முடியாமல் பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. நண்பர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். எட்டு மாதம் செய்தார். ஆறாவது மாதம் அக்கா காலமானார். தாலாட்டின் இரண்டாம் பாதி அந்த அம்மாளுக்கு மட்டும்தான் முழுசாக ஞாபகம் இருந்தது.

"என்ன சார் பண்றது, சரளிய முடிக்கலியே" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. பிரெஞ்சில் வேண்டுமானால் எழுதலாம். அதற்கென்றே அந்தப் பாஷையில் நல்ல நல்ல வார்த்தைகள் உண்டு.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் இந்த விரல் பலம்.

அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கவ்வாத்து என்றால் என்ன என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். கட்டை விரல் தடிமனுக்கு இருக்கும் மரக்கிளையை ஒரே இழுப்பில், பிளவு விழாமல், சாய்வாக வெட்ட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை, மழையிலும் பனியிலும். அந்த வேலையில் பல வருடம் போன கைக்குப் பலம் இல்லையாம்! ரப்பர் பந்து வேண்டுமாம்! அவர் என் கையைக் குலுக்கினால் நான் அரை மணி நேரம் பேனா பிடிக்க முடியாது.

உண்மை இதற்கு நேர் மாறு. அவருடைய தொந்தரவு பலம் அதிகம் என்பதுதான். பொத்தானைக் கத்திப் பிடி மாதிரி பிடிக்கிறார். கன்சர்டினாவின் பொத்தானுக்கு அடியில் இருப்பது ஒரு மெல்லிய கம்பிச் சுருள். டைப்ரைட்டர் சாவியை அழுத்தும் பலத்தில் பாதி கூட வேண்டாம். ஆர்மோனியக் கட்டைக்கும் அப்படித்தான். பொத்தான் அடியில் போய் நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் சத்தம் கூடாது, மணிக்கட்டுதான் வலிக்கும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியின் வேலை. விரல் கதவைத் திறக்கிறது, உள்ளே வருவது காற்று. கதவைத் திறக்கப் பயில்வான் எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரலுக்குள் பலப்படுத்தத் தசையே கிடையாது. விரலை மடக்குகிற, நீட்டுகிற தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறு மாதிரி தசைநாண்கள் விரலுக்கு ஓடுகின்றன. மோதிர விரலின் தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. நடு விரலை மடக்கி மேஜையில் வைத்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். இப்போதே செய்யுங்கள், யாரும் பார்க்கவில்லை. தூக்க முடிகிறதா? உங்களுக்கும் முடியாது, எனக்கும் முடியாது, பெரிய வித்வானுக்கும் முடியாது. இது பிறவி அமைப்பு. பந்து அழுத்தி இந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. போதாக்குறைக்குப் பந்து பழக்குவது விரல்களை மடக்க. வாத்தியத்தில் சிரமப்படுவது தூக்குவதும், ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாக அசைப்பதும். எருமைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வண்டி இழுக்கவைத்தது மாதிரி இருக்கிறது இந்தப் பயிற்சி.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தப் பைத்தியம் இருந்தது. நான் படித்த பாஷைக்காரர் ஒருவரே இதில் மகா குற்றவாளி. ஷார்ல்-லூயி ஹானோன் என்று பெயர். பூலோஞ் என்ற கடலோர ஊரில் இருந்தவர். 1873இல் பியானோவுக்கு அறுபது பயிற்சிகள் கொண்ட புத்தகம் போட்டார். ஐந்து விரலும் சமமாகப் பலம் பெற வேண்டும் என்பது அவர் நோக்கம். அதில் மருந்துக்குக் கூட ஒரு பாட்டுக் கிடையாது. இன்னும் விற்கிறது. ஜெர்மன் இசைமேதை ராபர்ட் ஷூமான் கதை இன்னும் மோசம். இளமையில் விரலைப் பழக்க ஒரு கருவியைக் கட்டிக்கொண்டார். வலது கை நடு விரல் செயலிழந்துபோய், பியானோ வித்வானாகும் கனவு முடிந்தது. கருவிதான் காரணமா, வேறு வியாதியா என்று மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கருவி அவரைக் காப்பாற்றவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு வயது அப்போது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு. நமக்கு எழுபது. மூட்டில் தேய்மானம், காலையில் விரல் விறைப்பு, சிலருக்குச் சர்க்கரையால் மதமதப்பு. இந்தக் கையில் ஸ்பிரிங்கைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறவர்களுக்கு ஈவு இரக்கம் வேண்டாமா?

அடுத்தது 'குறையுள்ள வாத்தியம்' என்ற தீர்ப்பு.

ஆசிரியர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. நம் சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. புரந்தரதாசர் வகுத்த பாடத்திட்டம் என்று சொல்வார்கள். அந்த ராகத்துக்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டையில் ஆரம்பித்தால் நடுவில் இரண்டு கறுப்புக் கட்டைகளுக்குப் போக வேண்டியிருக்கும். இருபது பொத்தான் பெட்டியில் அந்த இரண்டு ஸ்வரமும் கிடையாது. எந்தப் பொத்தானைச் சட்ஜமமாக வைத்துக்கொண்டாலும் வராது, நானும் நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்தோம். மலஹரியில் இருக்கும் ஆரம்ப கீதங்களும் வராது.

இதிலிருந்து ஆசிரியர் எடுத்த முடிவு: பெட்டியை மாற்று. நான் எடுக்கும் முடிவு: பாடத்தை மாற்று. ஒரு வாத்தியம் எதை நன்றாகச் செய்யுமோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் சங்கராபரண ஸ்வரங்கள் எல்லாம் இயல்பாக இருக்கின்றன. மோகனம் இருக்கிறது. பிலஹரி இருக்கிறது. 'குறை' என்று சொல்லித் தள்ளுவது நமக்குப் பழைய வியாதி. ஆர்மோனியத்தையே 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி வாசலில் நிறுத்திவைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கமகம் வராது, பரதேசிப் பெட்டி என்று குற்றச்சாட்டு. பாரீஸில் துபேன் என்பவர் 1840களில் செய்து பெயர் வைத்த கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் நம் நாடகக் கொட்டகைகள் அது இல்லாமல் ஒரு ராத்திரி கூட நடந்ததில்லையே! இன்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் வயலின் மட்டும் என்ன, தஞ்சாவூரில் காய்த்ததா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு முறையில் கற்றுக்கொண்டு வந்து நம் சங்கீதத்துக்குள் உட்காரவைத்த வாத்தியம் அல்லவா? அன்றைக்கு ஒருவர், குறையுள்ள வாத்தியம், வீணை வாங்கு என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

தீட்சிதர் பெயர் வந்ததால் இன்னொன்று. கோட்டையில் வாசித்த வெள்ளைக்கார பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தாரே, நோட்டு ஸ்வரம் என்று, சுமார் நாற்பது உருப்படி. எல்லாம் சங்கராபரண ஸ்வரத்தில். கமகம் இல்லாத நேர் ஸ்வரம். சிறியவை. குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் மூலம் ஒரு பிரெஞ்சு நடன மெட்டு என்று சொல்கிறார்கள். அதை அறிந்த நாளில் எனக்கு என் புதுச்சேரியும் என் குன்னூரும் கை குலுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இருபது பொத்தான் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் வேறு எது? மும்மூர்த்திகளில் ஒருவர் செய்ததை 'சாஸ்திரத்துக்கு விரோதம்' என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது.

இப்போது மூன்றாவது குறிப்பு. பாட்டுக்கு முன் பயிற்சி என்ற சட்டம்.

சரளி வரிசையை நான் பழிக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையை வித்வானாக்க வேண்டுமானால் அது அருமையான அஸ்திவாரம். அஸ்திவாரம் மாளிகைக்கு. என் நண்பர் கேட்டது ஒரு திண்ணை.

நான் படித்த பள்ளியிலும் இதே கதை உண்டு. 1950களில் பிறந்து புதுச்சேரியில் பிரெஞ்சுவழி படித்தவர்களுக்கு 'சொல்ஃபேஜ்' என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும். தோ ரே மி எழுதிய தாளைப் பார்த்துக் கையால் தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரப் பெயர் சொல்ல வேண்டும். பாடுவதுகூட இல்லை, ஒப்பிப்பது. வாத்தியம் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இரண்டு வருடம் ஒப்பித்தோம். எங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். அதில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூடப் பிற்காலத்தில் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. ஆனால் மதிய இடைவேளையில் கூலிக்கு மணி அடிக்கும் ஒரு பையன், பள்ளியில் சேராதவன், மவுத் ஆர்கனில் சினிமாப் பாட்டு அத்தனையும் வாசிப்பான். அவனுக்கு யாரும் சொல்ஃபேஜ் நடத்தவில்லை. நம் மலையில் கோத்தர்கள் வாசிக்கும் கொள்ளும் கொம்பும்கூடக் காது வழியாகத்தான் தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன.

மனசில் ஏற்கெனவே இருக்கும் மெட்டைத் தேடும்போது விரலுக்குத் தானே தெரியும், தப்பா சரியா என்று. பக்கத்தில் ஆசிரியர் வேண்டாம், காதே ஆசிரியர். சரளி வரிசையில் தப்பு வந்தால் புதியவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் வருத்தம் வராது. அம்மாவின் தாலாட்டில் தப்பு வந்தால் சுருக்கென்று குத்தும். அந்தக் குத்தல்தான் விரலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரே இடத்தை இருபது முறை வாசிப்பார், பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல். வயசான மூளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பாட்டு முதலில்? இதிலும் ஆளாளுக்குக் குழப்புகிறார்கள். சினிமாப் பாட்டு வேண்டும் என்று ஒரு கூட்டம். தாராளமாக, எனக்கும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்றால் உயிர். ஆனால் நமக்கு அந்தப் பாட்டில் ஞாபகம் இருப்பது பாதிக்கு மேல் வயலின் கூட்டமும் அக்கார்டியனும் ஃபுளூட்டும் போட்ட இடையிசை. ஒற்றைப் பெட்டியில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். பல்லவி மட்டும், அதுவும் மெதுவான பாட்டாக இருந்தால் சரி. இன்னொரு கூட்டம், வயசாகிவிட்டதால் பக்திப் பாட்டுதான் வாசிக்க வேண்டும் என்கிறது. யார் போட்ட அரசாணை இது? எழுபது வயதில் ஒருவர் கும்மிப் பாட்டு வாசித்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களா?

நான் பார்த்தவரை முதல் பாட்டுக்கு மூன்று தகுதி போதும். வார்த்தை இல்லாமல் முனகினாலும் முழுசாக வர வேண்டும். நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்க வேண்டும். நடை போகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டு, கோவில் பஜனையில் திரும்பத் திரும்ப வரும் நாமாவளி, கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஞாயிற்றுப் பள்ளியில் பாடிய பாட்டு, படகர் வீடுகளில் ஆட்டத்துக்குப் பாடும் மெது மெட்டு, எல்லாவற்றிலும் இப்படிப்பட்டவை உண்டு.

என் நண்பருக்கு நான் முதலில் காட்டியது ஒரு பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு, 'ஓ கிளேர் த லா லூன்'. அதன் முதல் வரி முழுவதும் மூன்றே ஸ்வரம்: ச, ரி, க. (உலகத்தில் பதிவான மனிதக் குரல்களில் இன்று கேட்கக் கிடைக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று, 1860இல் பாரீஸில் ஸ்கோத் த மார்த்தேன்வீல் கரித்தாளில் கோடாக எடுத்தது, இந்தப் பாட்டுத்தான். எடிசனுக்கு முன்பே. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள், நானும் விடவில்லை.) பெட்டியில் அதற்கு இரண்டே பொத்தான். இடது கை மோதிர விரலும் நடு விரலும். மோதிர விரலைத் தள்ளினால் ச, இழுத்தால் ரி. நடு விரலைத் தள்ளினால் க. பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டார். எட்டு மாதத்தில் வராதது பத்து நிமிடத்தில் வந்தது. நடுங்குகிறது என்று குற்றம் சாட்டப்பட்ட அதே மோதிர விரல்!

பிறகு அதே இடத்தில் மேலே ஏறினோம். நடு விரலை இழுத்தால் ம. சுட்டு விரலைத் தள்ளினால் ப, இழுத்தால் த. மூன்று விரலில் ஆறு ஸ்வரம். மேலே நி வலது கைக்குப் போகும். அங்கே இரண்டு இழுப்பு அடுத்தடுத்து வரும், த நி என்று. அங்குதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அதனால் அந்த வாசலை இரண்டு மாதத்துக்குத் திறக்காதீர்கள். அதுவரை மோகனத்தின் ச ரி க ப த போதும். அந்த ஐந்துக்கு இடது கையின் மூன்று விரலே போதுமானது. சங்கீத முறையில் போக ஆசை இருந்தால், பிறகு 'வர வீணா' கீதத்துக்குப் போகலாம். அது மேல் ஸ்தாயிக்குள்ளும் போகும் என்பதால் அப்போது வலது கை தானாகவே வேலைக்கு வரும்.

விரலுக்கு வேறு தனிப் பயிற்சி தேவையில்லை என்றால் பிறகு எதைத்தான் பழக வேண்டும்? துருத்தியை. யாரும் சொல்லித் தராதது அதுதான். உட்கார்ந்து இடது பக்கப் பலகையைத் தொடை மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். துருத்தித் தோல் பேண்ட்டில் உரசக்கூடாது, மடிப்பு தேய்ந்து ஓட்டை விழும். ஒரு கையை அசையாமல் வைத்து மற்றதால் மட்டும் இழுத்துத் தள்ளுங்கள். கை வார் ரொம்ப இறுக்கினால் விரல் மரத்துப்போகும், தளர்ந்தால் பெட்டி கூத்தாடும். உள்ளங்கைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் அளவு விடுங்கள். வலது கட்டை விரலுக்கு அடியில் ஒரு பொத்தான் சத்தமே போடாது. கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது காற்றை மட்டும் விடும் வழி. பாட்டின் நடுவில் துருத்தி முழுக்கத் திறந்துபோய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆரம்பத்தில் எவ்வளவு சத்தமோ முடிவிலும் அவ்வளவே இருக்கும்படி பத்து எண்ணும் வரை இழுத்துப் பாருங்கள். ஆர்மோனியக்காரர்களுக்கும் இது பொருந்தும், அங்கே இடது கை துருத்தி.

நம் ஊர்க் குளிருக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் ஜனவரியில் காலை ஏழு மணிக்கு எந்த விரலும் வளையாது. அப்போது போய் வாத்தியத்தை எடுத்து, எனக்கு வயசாகிவிட்டது என்று அழாதீர்கள். பதினோரு மணிக்கு வெயிலில் உட்காருங்கள். இல்லையென்றால் வெந்நீரில் கையை ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்துக்கொண்டு எடுங்கள். கால் மணி நேரம் வாசியுங்கள், நிறுத்துங்கள், சாயங்காலம் இன்னொரு கால் மணி நேரம். வலித்தால் அன்றைக்கு விடுமுறை. வலியைத் தாங்கிக்கொண்டு வாசித்தால்தான் பலம் வரும் என்று சொல்கிறவரிடம் அவர் வயதைக் கேளுங்கள். பெட்டிக்கும் குளிர் ஆகாது. ஜூன் ஜூலை ஈரத்தில் உலோக நாக்குகள் துருப்பிடிக்கும், தோலில் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அடுப்படியில் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். படுக்கை அறையில் அலமாரியின் மேல் தட்டு போதும்.

இதையெல்லாம் அந்த ஆசிரியரிடமும் நேரில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "சார், நீங்க ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவங்க, சங்கீதத்துல ஒரு க்ரமம் இருக்கு" என்றார். இருக்கட்டும். கிரமம் என்றால் எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருடம் ஃபைல் கட்டியவன். கிரமப்படி போன ஃபைல் வந்து சேர்வதற்குள் மனுதாரர் செத்துப்போன கதைகள் என்னிடம் எத்தனை வேண்டும்? ஒவ்வொன்றிலும் கையெழுத்து எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நண்பர் இப்போது தாலாட்டின் முதல் பாதியை வாசிக்கிறார். ச ரி க ம ப, ஐந்து ஸ்வரம், மூன்று விரல். பேத்தி செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இரண்டாம் பாதிக்காக, அதே தோட்டத்திலிருந்து வந்து கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். எண்பது தாண்டிய ஒரு அம்மாள் இருப்பதாகக் கேள்வி. அடுத்த வாரம் பஸ்ஸில் போகிறோம், பெட்டியையும் எடுத்துக்கொண்டு. அதற்குள் வலது கை இரண்டாவது பொத்தானில் ஒரு நாக்கு துருவால் ஒட்டிக்கொண்டு கரகரக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆர்மோனியம் பழுது பார்த்த பழைய கைகள் யாராவது இருந்தால் புதன்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.